அஞ்சு, அஞ்சு, மூணு

3 ஏப்ரல் 2025, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. இன்று ஒரு பொக்லைனுக்கு ஸ்டார்ட்டர் ஒயர், ஒரு டிப்பருக்கு ஹார்ன். பி.இ. படித்தவன் ஐம்பத்திரண்டு வயதில் திருச்செங்கோடு சங்ககிரி ரோட்டில் உட்கார்ந்து ஹார்ன் பார்க்கிறேன். சரி, அதுவும் மின்சாரம்தான்.

மதியம் கூரியரில் ஒரு பத்திரிகை வந்தது. சிவக்குமார் சேலத்தில் இரண்டாவது ஒர்க் ஷாப் திறக்கிறானாம், இருபதாம் தேதி. கெட்டி அட்டை, தங்க எழுத்து. உள்ளே பேனாவால் ‘அண்ணா, அவசியம் வரவும்’ என்று எழுதியிருக்கிறான். அந்தச் சாய்ந்த கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். 2013இல் என் வேலை போன ரிப்போர்ட்டின் அடியில் இருந்ததும் அதே கையெழுத்துதான்.

பேட்டரி சார்ஜருக்கு ஒரு கால் குட்டை. கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. பத்திரிகையை மடித்து அதற்கடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை.

5 ஏப்ரல், சனி

கமலவேணி சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்துவிட்டாள். “ஏனுங்க, நல்ல அட்டையப் போயி அதுக்கடியில வெச்சிருக்கறீங்க” என்றாள். குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

சின்னண்ணன் போன் செய்தார். கமலவேணிக்குப் பெரியப்பா மகன், எனக்கு மச்சான் முறை. ஒரே ஒரு ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர் போடுகிறவர். விசேஷ வீட்டில் பார்த்தால் பேசுவார், வண்டி வேலை என்றால் சிவக்குமாரிடம் போவார். இன்று குரல் இறங்கியிருந்தது.

விஷயம் இது. புதன்சந்தைக்குப் பக்கத்தில் செல்லமுத்து என்பவரின் கோழிப்பண்ணையில் போர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அறுநூற்று நாற்பது அடியில் கம்ப்ரசர் இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தால் சும்மா ஓடுகிறது. பளு கொடுத்தால் இருபது நிமிடத்துக்குள் இருமி, இறங்கி, நின்றுவிடுகிறது. துளை போடும் ராடெல்லாம், நுனியில் கல்லை இடிக்கும் ஹேமரோடு, குழிக்குள். வெட்டிய கல்தூளை மேலே ஊதித் தள்ளுவது கம்ப்ரசர் காற்றுதான்; அது நின்றால் தூள் குழிக்குள்ளேயே உட்காரும். நாலைந்து நாளில் இறுகிப்போய் ராடைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெளியே வராது.

“ராடும் ஹேமரும் உள்ள போச்சுன்னா வண்டிய வித்துட்டுத்தான் ஊட்டுக்குப் போவோணும் மாப்ள” என்றார்.

சிவக்குமாரின் பையன்கள் இரண்டு முறை வந்து பார்த்திருக்கிறார்கள். சென்சார் மூன்றை மாற்றினார்கள். பிறகு இன்ஜினின் கண்ட்ரோல் மாட்யூலையே மாற்றினார்கள் — இன்ஜினுக்கு மூளை மாதிரி இருக்கும் அந்த அலுமினியப் பெட்டியை. ஆனாலும் நிற்கிறது. எல்லாம் செய்து முடித்த பிறகு என் ஞாபகம் வந்திருக்கிறது.

நாளைக்கு வருகிறேன் என்றேன். ராடுக்காக என்று அவரிடம் சொன்னேன். இங்கே உண்மையை எழுதலாம்: சிவக்குமாரால் முடியாததை முடிக்க வேண்டும், அது சேலம் முழுக்கத் தெரிய வேண்டும்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். மறந்துவிடுவேன் என்று அல்ல. சேலத்தில் கம்பெனியில் நான் சீனியர் இன்ஜினியர். அவன் எனக்குக் கீழே டெக்னீஷியன். மேட்டூர் பக்கம் ஒரு குவாரியில் எக்ஸ்கவேட்டருக்கு வெல்டிங் வேலை. வெல்டிங்குக்கு முன் மாட்யூலின் கனெக்டர்களைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் கரண்ட் அதன் வழியாகப் போய்ப் பொசுக்கிவிடும். கழற்றச் சொன்னேன். அவன் கழற்றவில்லை. மாட்யூல் செத்தது. ‘கனெக்டர்கள் கழற்றப்படாமல் வெல்டிங் நடந்தது’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பொறுப்பில் இருந்தவன் நான். என்னைப் போகச் சொன்னார்கள். அந்த நாற்காலியில் ஒரு வருடத்தில் அவன் உட்கார்ந்தான்.

7 ஏப்ரல், திங்கள்

பண்ணையில் பதினெட்டாயிரம் முட்டைக் கோழி. பழைய போர் வற்றிவிட்டதால் டேங்கரில் தண்ணீர் வருகிறது. வெயில் ஏற ஏறக் கொட்டகைக்குள் இருந்து வரும் சத்தமே மாறுகிறது. செல்லமுத்து ஒன்றும் கேட்கவில்லை. என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கேட்டிருந்தால் பரவாயில்லை.

மாட்யூலில் பதிந்திருந்த கோளாறுகளைப் படித்தேன். ஆயில் பிரஷர் சென்சார், காற்றழுத்த சென்சார், டீசல் பிரஷர் சென்சார் — மூன்றும் ஒரே நொடியில் போனதாகக் காட்டுகிறது. மூன்று பேர் ஒரே நொடியில் செத்தார்கள் என்றால் மூன்று நோயைத் தேடக் கூடாது. மூன்று பேரும் குடித்த தண்ணீரைப் பார்க்க வேண்டும். மூன்று சென்சாருக்கும் மாட்யூலிலிருந்து ஐந்து வோல்ட் போகிறது, ஒரே ஒயரில் கிளம்பிப் பிறகு பிரிகிறது. அந்த ஒயர் எங்கேயோ இரும்பில் உரசினால் ஐந்து வோல்ட் கீழே இறங்கும், மூன்றும் ஒன்றாகக் குருடாகும், இன்ஜின் பயந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்காமல் பெட்டியை மாற்றியிருக்கிறார்கள். சிவக்குமாரின் பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

சாவியைப் போட்டு அளந்தேன். 4.98. சுத்தம். ஒயரை ஆட்டினால்தான் தெரியும்.

ஆட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். மீட்டர் மேலே, ஒயர்க்கட்டு கம்ப்ரசருக்கு அடியில் பத்தடி போகிறது. ரிக் ஆபரேட்டர் மாதேஷ் கீழே படுத்தான். ஆத்தூர்க்காரன், நல்லவன், கை மட்டும் போர் போடுகிற கை. ஒயரை மாட்டின் மூக்கணாங்கயிறு மாதிரி இழுத்தான். “மெதுவா, ஒரு சாண் ஒரு சாணா” என்றேன். “சரி சார்” என்று மறுபடி இழுத்தான்.

நடுவில் ஒரு இடத்தில், ஒயர்க்கட்டையும் ஃப்ரேமின் இரும்புக் கம்பியையும் சேர்த்து எதையோ வைத்து இறுகக் கட்டியிருந்தது. கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன துணி உருண்டை. நானும் குனிந்து பார்த்தேன்.

“அது அக்கா கட்டுனது சார். சாமி முடிச்சு” என்றான் மாதேஷ். சின்னண்ணனின் மனைவி வசந்தாமணி எதற்காகவோ வேண்டிக்கொண்டு காசு வைத்து முடிந்தது. வேண்டுதல் முடியும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் வண்டிக்கு வண்டி ஏதாவது ஒன்று இருக்கும். நான் அவற்றை நம்புவதில்லை, தொடுவதும் இல்லை. விடு என்றேன். அதைத் தாண்டி ஆட்டினான்.

மூன்று முறை முழுக்க ஆட்டினோம். ஐந்து ஐந்தாகவே நின்றது. இன்ஜினை ஓட்டிப் பளு கொடுத்தோம். இருபத்திரண்டாவது நிமிடம், அதே இருமல்.

8 ஏப்ரல், செவ்வாய்

இன்றும் ஒன்றும் இல்லை. கனெக்டர்களைப் பிரித்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்தேன். சுத்தம். மாதேஷுக்கு முதுகு போய்விட்டது.

இது தெரிந்த கை வேண்டிய வேலை என்று சின்னண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு. அவர் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே, “சிவாவ வரச் சொல்லியிருக்கறன் மாப்ள. நாளைக்கு அவனே வாரங்கறான்” என்றார்.

பையை எடுத்துக்கொண்டு பைக் வரை போய்விட்டேன். போயிருக்க வேண்டும். எதுக்கு நின்னேன்னு தெரியல. செல்லமுத்து டேங்கர்காரரிடம் போனில், “இன்னொரு லோடு சேத்தி அனுப்புங்க சாமி, காடெல்லாம் அனலா அடிக்குது” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து மீட்டரைத் துடைத்து வைத்தேன்.

வீட்டில் கமலவேணி, “ரெண்டு பேரும் சேந்து பாத்தா என்னங்க, கையென்ன ஒட்டிக்குமா” என்றாள்.

9 ஏப்ரல், புதன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலை ஒன்பதுக்கு வந்தான். தொப்பை விழுந்திருக்கிறது, மீசை நரைத்துவிட்டது. “நல்லாயிருக்கறீங்களாண்ணா” என்றான். “இருக்கறன்” என்றேன். கோளாறுகள் பதிந்த தாளை நீட்டினேன். படித்தான். “அஞ்சு வோல்ட்டு” என்றான். தன் பையன்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு சட்டையைக் கழற்றிக் கார் சீட்டில் போட்டுவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, பனியனோடு கம்ப்ரசருக்கு அடியில் படுத்தான். முதலாளியே படுக்கிறார் என்று பையன்கள் பதறினார்கள். “தள்ளி நில்லுங்கடா. அண்ணா, மீட்டரப் புடிங்க.”

கம்பெனியில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. மேலே இருப்பவன் மீட்டரில் தெரிவதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவனுக்கு மீட்டர் தெரியாது. அவன் காதால்தான் பார்ப்பான். எண் மாறிய நொடியில் கையை அப்படியே நிறுத்திவிடுவான். எட்டு வருடம் அப்படிச் செய்தோம். மீட்டர் எப்போதும் என் கையில். கீழே எப்போதும் அவன்.

“அஞ்சு... அஞ்சு... அஞ்சு...”

“சத்தமாங்ணா. தொண்டைக்கு வயசாயிருச்சுங்களா?”

“உனக்குக் காதடைச்சுப் போச்சு. ஏசி ரூமு.”

கீழே இருந்து சிரிப்பு. எனக்கும் வாய் கொஞ்சம் கோணியது. அடக்கிக்கொண்டேன்.

“அஞ்சு... அஞ்சு...”

மூன்றடி, நாலடி போயிருப்பான். நிறுத்தினான்.

“இங்கொரு துணி முடிச்சு இருக்குதுங்ணா.”

“சாமி முடிச்சு. உடு.”

“இதயும் ஆட்டிப் பாக்கட்டுங்களா?”

“உடுங்கறனல்ல.”

கீழே அட்டை சரசரத்தது. பிறகு, சாதாரணமாக, டீ வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்: “அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க.”

“என்னிக்கு?”

“குவாரியில. கனெக்டரக் கழட்டட்டுங்களான்னு கேட்டன். உடு, பேட்டரியத்தான் கழட்டியாச்சல்லன்னீங்க.”

எனக்குக் காது இரண்டும் சுட்டுவிட்டது. “ஆருடா சொன்னது? நானா? கழட்டச் சொன்னதே நான்டா.”

“சரிங்ணா.”

“என்ன சரிங்ணா? நான் தெனமும் எழுதறவன். அந்த வருசத்து டைரி ஊட்ல இருக்குது. அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பறன். அதுக்கப்பறம் பேசு.”

“அனுப்புங்க. இப்ப நெம்பர உட்டுட்டீங்க. சொல்லுங்க.”

சின்னண்ணன், மாதேஷ், செல்லமுத்து, அந்தப் பையன்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்டரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

“அஞ்சு. அஞ்சு. அஞ்சு. மூணு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

“மூணு. ரெண்டு. மூணு. அஞ்சு. கையெடுத்தயா?”

“எடுத்தனுங்க.”

“மறுக்காப் புடி.”

“புடிச்சிட்டன்.”

“மூணு.”

முடிச்சைத்தான் பிடித்திருந்தான். நான் விடு என்று சொன்ன பிறகும் பிடித்தான். முடிச்சு ஒயரை ஃப்ரேமோடு இறுக்கியிருந்ததால் பக்கத்தில் எவ்வளவு ஆட்டினாலும் அசைவு அங்கே போய்ச் சேரவே இல்லை. கம்ப்ரசர் முழுப் பளுவில் அதிர்ந்தால் மட்டும் உள்ளே இருப்பது உரசும். இரண்டு நாள் அதன்மேல் குனிந்து குனிந்து பார்த்தவன் நான்.

அறுத்து எறிந்தால் வேலை முடிந்தது. சின்னண்ணன் என் கையிலிருந்த கத்தியைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம் மாப்ள. அவ வரோணும்.” ராடு குழிக்குள் மாட்டினாலும் மாட்டட்டும் என்கிற முகம். சிவக்குமாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கத்தியைப் பையில் போட்டேன்.

வசந்தாமணி காரில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. வந்ததும் விஷயத்தைக் கேட்டாள், சேலையை இழுத்துச் செருகினாள், “நகருங்க” என்று சிவக்குமாரின் அட்டையில் தானே படுத்தாள். அடியிலிருந்தே பேசினாள்.

“வடக்க போர் போடப் போன வண்டி நல்லபடியாத் திரும்பி வந்தா மொட்ட போடறன்னு நேந்துக்கிட்டதுங்ணா. வண்டி வந்து ரெண்டு வருசமாச்சு. இந்த மனுசன் கோயலுக்குக் கூட்டிட்டுப் போனாத்தான?”

“ஓட்டத்துல இருந்தனா இல்லியா?” என்றார் சின்னண்ணன்.

“இப்ப அஞ்சு நாளு நின்னுதான கெடந்தீங்க. அப்பப் போயிருக்கலாமல்ல?”

செல்லமுத்து வாயைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். மூன்று நாளில் அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

முடிச்சை அவிழ்த்து எடுத்து வந்து காட்டினாள். உள்ளே ஒரு ரூபாய். ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்க விளிம்பு மட்டும் புதுசு மாதிரி மின்னியது. இரண்டு வருடமாக அதிர்ந்து அதிர்ந்து மேலுறையை அறுத்து, உள்ளே ஒயரின் தோலையும் அறுத்திருக்கிறது. செம்பு தெரிந்தது. அந்த ஒயர்தான், ஐந்து வோல்ட்.

“நான் மறந்தத சாமி கேட்டிருக்குது” என்றாள்.

காசும் இரும்புதான், ஒயரிலிருந்து ஃப்ரேமுக்கு மின்சாரத்தைக் கடத்தும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைத்தது நான். மேலுறை போட்டது அவன். புதுப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியையே மாட்டினோம். அதற்கு ஒரு நோயும் இல்லை. பகல் இரண்டு மணிக்கு ஸ்டார்ட் செய்து பளு கொடுத்தார்கள். இருபது நிமிடம். இருபத்திரண்டு. எல்லோரும் வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது. ராடு முதலில் அசையவில்லை. மாதேஷ் காற்றை விட்டு விட்டுக் கொடுத்தான். திடீரென்று குழியிலிருந்து வெள்ளைத் தூள் தென்னை உயரத்துக்குக் கிளம்பியது. ராடு ஒரு அடி மேலே வந்தது. சின்னண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது சிவக்குமாரிடம் நானாகவே, “டைரிப் பக்கம் அனுப்பறன்” என்றேன்.

10 ஏப்ரல், வியாழன்

காலையில் சின்னண்ணன் போன். எழுநூற்று ஐந்து அடியில் தண்ணீர், இரண்டு இஞ்ச். “மாப்ள, கோழியெல்லாம் குடிக்குது” என்றார், எல்லாக் கோழிக்கும் அவரே கிண்ணத்தில் ஊற்றிய மாதிரி.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நாள் முழுக்க அந்த ஒரு பேச்சுதான் மண்டையில். ‘உடு, பேட்டரியத்தான் கழட்டியாச்சல்ல.’ எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது குரலை உயர்த்த வேண்டாமா?

சாயங்காலம் லாஃப்டில் இருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். சூரமங்கலத்தில் குடியிருந்த காலத்து டைரிகள். வேலை போன பிறகு அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. எதற்குத் திறக்க வேண்டும், என்ன நடந்தது என்றுதான் எனக்குத் தெரியுமே.

22 ஆகஸ்ட் 2013. என் கையெழுத்து, நீல மை. பார்த்து எழுதுகிறேன்:

‘குவாரி. வெல்டர் பத்துக்கே வந்துவிட்டார். பேட்டரி கழற்றியாயிற்று. கனெக்டரும் கழற்றட்டுமா என்று சிவா கேட்டான். அதற்குக் கேபினுக்குப் பின்னால் ஏறி எட்டு போல்ட் அவிழ்க்க வேண்டும், மழை வேறு கட்டிக்கொண்டு நின்றது. விடு, பேட்டரி போதும் என்றேன். மூன்று மணிக்கு முடிந்தது. இரவு மீன் குழம்பு.’

23: ‘மாட்யூல் செத்துவிட்டது. என்ன செய்வது.’

25: ‘சிவா ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம்.’

28: ‘கழற்றச் சொன்னேன். அவன் கழற்றவில்லை.’

ஒரே மை. ஆறு நாள்.

11 ஏப்ரல், வெள்ளி

கடை திறக்கவில்லை. கமலவேணியிடம் காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு கஞ்சி வைக்கப் போனாள்.

12 ஏப்ரல், சனி

மாட்யூலை மாற்றிய பையன்களை இங்கேயே திட்டி எழுதினேன். அளந்து பார்க்காமல் பெட்டியின் மேல் பழி போடாதே என்று இருபது வருடமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் அளந்து பார்க்கவில்லை. அளவு வீட்டுக்குள்ளேயே தகரப் பெட்டியில் இருந்தது.

என்னென்ன செய்தேன் இந்தப் பன்னிரண்டு வருடத்தில்? அவன் கல்யாணத்துக்குப் போகல. அவங்கப்பா செத்ததுக்குப் போகல. சேலத்தில் நல்ல வேலை ஒன்று வந்தது, அவனிடம் பேச வேண்டியிருக்கும் என்று விட்டேன். அவன் பெயரைச் சொன்னவர்களோடு பேச்சைக் குறைத்தேன். ஹார்ன் பார்த்தேன். ஏன்டா, எட்டு போல்ட்டு. எட்டு போல்ட்டு அவுக்கச் சோம்பிக்கிட்டு.

மதியம் கமலவேணியிடம் டைரியைக் கொடுத்தேன். நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தாள். அழுவாளோ, திட்டுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு மீன் கொழம்பு வெக்கலீங்க. கருவாடு” என்றாள். பிறகு, “இதுக்கா அந்த மனுசன இத்தன வருசம் கரிச்சுக் கொட்டுனீங்க” என்றாள். பிறகு காபி போட்டுக் கொடுத்தாள்.

வெட்கம் வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. லேசாக இருக்கிறது. கம்ப்ரசர் பக்கத்தில் நாள் முழுக்க நின்றவனுக்கு அதை அணைத்த பிறகுதான் காக்கை கத்துவதும் பக்கத்துத் தோட்டத்தில் யாரோ பேசுவதும் கேட்கும். அப்படி இருந்தது மதியம். சாப்பிட்டுப் படுத்தேன். மூன்று மணி நேரம் தூங்கினேன். பகலில் அப்படித் தூங்கி எத்தனை வருடம்.

கம்பெனி மேனேஜர் மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அனுபவச் சான்றிதழுக்கு என்னை ஆறு முறை அலையவிட்டார். அது உண்மை, அதற்கும் டைரி இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. வேப்பம்பூ ரசம்.

அனுப்புகிறேன் என்று ஐந்து பேர் முன்னால் சொன்னேன். சொன்னதைச் செய்யாதவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தைப் போட்டோ எடுத்தேன். முதலில் கட்டை விரல் பாதி எழுத்தை மறைத்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. மறுபடி எடுத்து அனுப்பினேன். கீழே ஏதாவது எழுத வேண்டும் என்று பார்த்தேன். பத்து நிமிடம் யோசித்து, ‘எழுத்து தெளிவா இருக்குதா’ என்று மட்டும் போட்டேன்.

பார்த்துவிட்டான், நீலக் கோடு வந்தது. பதில் இல்லை. மதியம் வரை இல்லை. நாலு மணிக்குக் குரல் பதிவு. கமலவேணி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணா, தெளிவாத்தான் இருக்குதுங்க. எனக்கு அன்னிக்கே தெரியுமுங்ணா, உங்களுக்கும் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தன். தெரிஞ்சே எம்மேல கோவமா இருக்கறீங்களாட்ட இருக்குதுன்னு... சரி உடுங்க. ரிப்போர்ட் எழுதறப்ப, ஆரு வேண்டாம்னாங்கன்னு பேரு போட்டு எழுதுடான்னாரு மேனேஜரு. நான் போடலீங்ணா. கழட்டலன்னு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டன். நானுந்தான அழுத்திச் சொல்லல. இருவதாந்தேதி ஊட்ல எல்லாரும் வாங்க. வெக்கறனுங்க.”

கமலவேணி இரண்டாவது முறை கேட்டாள். நான் வெளியே போய் நின்றேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

போய்வந்தோம். கூட்டம். கேசரி நன்றாக இருந்தது. வாசலில் காட்ட வேண்டும் என்று கமலவேணி பத்திரிகையை உருவிக்கொண்டதால் சார்ஜர் மறுபடி ஆடுகிறது.

25 ஏப்ரல், வெள்ளி

சங்ககிரி பக்கம் ஒரு குவாரியில் லோடர். மேடு ஏறினால் கியர் நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. காலையில் சிவக்குமார் போன் செய்தான்: “ஒயரிங்தானுங்ணா. ரெண்டு ஆளு வேணும்.” பைக்கில் போனேன். அவன் முன்னாலேயே வந்து அட்டையை விரித்து வைத்திருந்தான்.

சட்டையைக் கழற்றினேன். மீட்டரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“அண்ணா, நீங்க எதுக்குங்க கீழ...”

“புடிடா.”

இருபத்தைந்து வருட வேலையில் ஒரு வண்டிக்கு அடியில் நான் முழுசாகப் படுத்தது நாலைந்து முறைகூட இருக்காது. கீழே இருந்து பார்த்தால் வண்டி வேறு மாதிரி இருக்கிறது. எண்ணெய் ஒரு சொட்டு நேராக என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. மீட்டர் தெரியாது, ஆள் தெரியாது, குரல் மட்டும்தான். அதை நம்பித்தான் கை நகர வேண்டும். எட்டு வருடம் அவன் இப்படித்தான் படுத்துக் கிடந்தான்.

“அஞ்சு... அஞ்சு... அஞ்சு...”

“சத்தமாச் சொல்றா.”

“காது அவ்வளவுதானுங்களா?”

ஒரு சாண், இன்னொரு சாண். ஒயர்க்கட்டு ஒரு இரும்பு மூடிக்குப் பின்னால் போய் மறைந்தது. மூடிக்கு ஆறு போல்ட். உள்ளே கை போகவில்லை.

“இங்கொரு மூடி இருக்குது சிவா” என்றேன். “ஆறு போல்ட்டு. கழட்டட்டுமா?”

எண் நின்றது.

“கழட்டுங்ணா” என்றான். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் கீழே வந்தது.